தோற்றவரை அனுப்பிவைத்த குரல்

வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதைப் பற்றிக் கதைக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் அவருடைய குரலைச் சொல்வார்கள், அடுத்து உச்சரிப்பைச் சொல்வார்கள், அதோடு முடித்துக்கொள்வார்கள். இரண்டையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் இலங்கை வானொலியில் அந்தக் காலத்தில் நல்ல குரலுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. எஸ். பி. மயில்வாகனம், வி. ஏ. கபூர், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, நடராஜசிவம் என்று ஒருவரை ஒருவர் விஞ்சுகிற குரல்கள் அங்கே இருந்தன. வேகத்தில் ராஜாவை மிஞ்ச ஆளில்லை. கனிவில் ராஜேஸ்வரி அக்காவை மிஞ்ச ஆளில்லை. அப்படியிருக்க, ‘பாட்டுக்குப் பாட்டு’ என்ற பாட்டுப் போட்டியின் பெயரைச் சொன்னதும் மன்னார்க் கரையிலும் ராமேசுவரத்திலும் ரொறன்ரோவிலும் ஒரே ஆள் நினைவுக்கு வருவது ஏன்? அந்தப் போட்டியை அவர் நடுவராக இருந்து நடத்தினார் என்பதே என் பதில். வென்றவரைப் புகழ எவராலும் முடியும். தோற்றவருக்கு மானக்குறைவு வராமல், அவர் தோற்றது சரிதான் என்று அவரும் ஒப்புக்கொள்ளும்படி மேடையிலிருந்து அனுப்பிவைக்கத் தெரிந்தவர்கள் சிலரே. ஹமீதின் வாழ்நாள் தொழிலின் நடு நரம்பு இதுதான் என்று நான் நினைக்கிறேன். குரலும் உச்சரிப்பும் அதற்கு அவர் கையில் இருந்த கருவிகள்.

இதை எங்கள் கரையிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஓலைத்தொடுவாய் மன்னார் தீவின் வடகரையில், பேசாலைப் பக்கத்தில், பனையும் மணலும் கடலுமாகக் கிடக்கிற ஊர். மத்திய அலை ஒலிபரப்பு உப்புத் தண்ணீருக்கு மேலாக வரும்போது, தரைக்கு மேலாக வருவதைவிட மிகக் குறைவாகவே வலுவிழக்கும். அதனால் எங்கள் பெட்டிகளில் கொழும்பும் கேட்டது, கடலுக்கு அந்தப் பக்கத்துத் திருச்சியும் கேட்டது. 1939இல் தொடங்கிய திருச்சி நிலையமும் 1963இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையமும் எங்களுக்கு அந்நிய நிலையங்களாகவே தோன்றியதில்லை. முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். மலைநாட்டிலோ மட்டக்களப்பிலோ இருந்தவர்களைவிட எங்களுக்குத் தெரிவு கூடுதலாக இருந்தது. கொழும்பை நாங்கள் கேட்டது வேறு வழியில்லாமல் அல்ல, விரும்பித்தான். அந்த விருப்பத்தின் தொடக்கத்தில் ஓர் அரசியல் தற்செயலும் இருந்தது. இலங்கை வானொலி 1950இல் வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தார். 1957இல் விவித பாரதி வந்து அந்த வாசலைத் திறப்பதற்குள், இந்தியக் கரை முழுவதும் பாட்டுக்காகக் கொழும்பைத் தேடும் பழக்கம் ஊறிப்போயிருந்தது. ஹிந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலாவைப் பெரிதாக்கியதும் இதே வாசல்தான். ஆனால் வாசல் திறந்திருப்பதால் வருகிற கூட்டம் ஒரு நாள் போய்விடும். திருச்சியிலும் பாட்டுப் போடத் தொடங்கிய பிறகும் மன்னாரில் முள் கொழும்பிலேயே நின்றதென்றால், அங்கே பாட்டுக்கு மேலே ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

ஹமீத் கொழும்பு தெமட்டகொடையில் பிறந்தவர். சிறுவர் நிகழ்ச்சி வழியாக ஒலிவாங்கிக்கு முன் வந்து, நாடகத்தில் நடித்து, பிறகு அறிவிப்பாளரானவர். இலங்கை வானொலி 1967இல் கூட்டுத்தாபனமாகி, 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்ற காலத்தில் வளர்ந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறைக்கு ஒலிவாங்கிக்கு முன்னே வாயில் வந்ததைச் சொல்கிற பழக்கம் கிடையாது. எழுதி, படித்துப் பார்த்து, திருத்தி, பிறகே பேசினார்கள். அவர் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்துக்கு ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று பெயர் வைத்திருக்கிறார். வழிப்போக்கன் என்ற அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வழிப்போக்கன் வழியில் யாருக்கும் தீர்ப்புச் சொல்வதில்லை. இவர் சொன்னார், சொன்னதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

விளையாட்டைக் கிட்ட நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். போட்டியாளருக்கு ஓர் எழுத்து கொடுக்கப்படும். அந்த எழுத்தில் தொடங்குகிற பாட்டைக் குறித்த நேரத்துக்குள் எடுத்துப் பாட வேண்டும். ஏற்கெனவே பாடியதைத் திரும்பப் பாட முடியாது. மணி அடித்தால் முடிந்தது. கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் தமிழில் ‘நெ’ வேறு, ‘நே’ வேறு. நெஞ்சம் என்று தொடங்குகிற பாட்டு ஒரு கணக்கு, நேற்று என்று தொடங்குகிற பாட்டு இன்னொரு கணக்கு. எழுத்தைக் கொடுக்கிறவர் வாயில் குறில் கொஞ்சம் நீண்டுவிட்டால், போட்டியாளர் தவறான பாட்டைத் தேடி அந்தச் சில விநாடிகளையும் இழந்துவிடுவார். அவர் தோற்றது தன் மறதியால் அல்ல, கொடுத்தவரின் நாக்கால் என்றாகிவிடும். மறுபக்கம், இசை குறிலை நீட்டும். மெட்டுக்காக ஒகரத்தை ஓகாரமாக இழுத்துப் பாடுவது பாடகர்களுக்குச் சர்வசாதாரணம். காதில் விழுவது நெடில், எழுத்தில் இருப்பது குறில். எதை ஏற்பது? அடுத்தது ரகரமும் லகரமும். இலக்கணப்படி தமிழ்ச் சொல் அவற்றில் தொடங்காது, இராமன் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் ராஜா, ராணி, லாலி என்று திரைப்பாட்டு தாராளமாகத் தொடங்கும். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் நடுவர் ஒரு நொடியில் தீர்க்க வேண்டிய வழக்குகள் வந்துகொண்டே இருக்கும். ஹமீதின் உச்சரிப்பைச் செவிக்கு இனிமை என்று மட்டும் பாராட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அந்த உச்சரிப்பு எழுத்தைக் கலங்கலில்லாமல் கொடுத்தது. கொடுத்த எழுத்தைப் பற்றி வழக்கு எழாமல் செய்தது. அது ஒரு நீதி முறையின் முதல் படி.

வானொலியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேட்கிறவருக்குக் கடிகாரம் தெரியாது. மணியை அடித்தது யார், எப்போது அடித்தார் என்று தெரியாது. போட்டியாளர் முகம் தெரியாது, பக்கத்தில் இருந்து யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்பதும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சி நடத்துபவரின் வாய்ச்சொல். அந்தச் சொல்லில் ஒருமுறை பொய் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம். 1950களில் அங்கே தொலைக்காட்சி வினாவிடைப் போட்டிகள் நாட்டையே கட்டிப்போட்டிருந்தன. ‘ட்வென்டி ஒன்’ என்ற போட்டியில் வென்று புகழ்பெற்ற சார்ல்ஸ் வான் டோரன் என்ற பல்கலைக்கழக ஆசிரியர், விடைகள் தனக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்று 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். ஒரே ஆளின் பொய்யோடு அது நிற்கவில்லை. அந்த வகை நிகழ்ச்சிகள் பலவும் அடியோடு சரிந்தன, 1960இல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. பரிசுப் பணம் ஏறியதும் நடத்துபவர்களுக்கு யார் வெல்ல வேண்டும் என்பதில் விருப்பம் வந்துவிட்டது. எங்கள் போட்டிகளில் அவ்வளவு பெரிய பணம் கிடையாது என்று சொல்லிவிடலாம். ஆனால் விருப்பு வெறுப்புக்குப் பணம்தான் வேண்டுமென்பதில்லை. ஊர், சாதி, சமயம், சிபாரிசு எல்லாம் நிறைந்த சமூகம் எங்களுடையது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதற்கே பிரிந்து நின்ற ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில், கண்ணால் காணாத ஒரு போட்டியின் முடிவை மக்கள் சந்தேகிக்காமல் ஏற்றார்கள் என்பது சின்ன விஷயமல்ல.

தோற்றவரை அவர் எப்படி நடத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் அடுத்தவரிடம் தாவுகிற நடத்துநர் ஒரு வகை. தவறைச் சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்கவைக்கிற நடத்துநர் இன்னொரு வகை. இன்றைய தொலைக்காட்சியில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாம் வகை. ஹமீத், போட்டியாளர் சிறுவராக இருந்தாலும் முதியவராக இருந்தாலும் மரியாதை குறையாமல் பேசி, சொல் தவறியிருந்தால் சரியான சொல்லைச் சொல்லி, பாடிய பாட்டின் படம், கவிஞர், இசையமைத்தவர் என்று ஏதாவது ஒன்றை அவர் கையில் கொடுத்து அனுப்புவார். பிழை என்பதை மழுப்பவும் மாட்டார், பிழைவிட்டவரைச் சிறுமைப்படுத்தவும் மாட்டார். மன்னாரில் இதன் அருமை உடனே விளங்கும். இங்கே நாட்டுக்கூத்து மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வழிகளில் வளர்ந்தது. இரண்டிலும் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் சொல்தான் கடைசிச் சொல். ஒத்திகையில் ஒரு தருப் பாட்டுத் தவறினால் அண்ணாவியார் திருத்துவார், ஆடுகிறவர் கோபிக்க மாட்டார். திருத்துகிறவருக்குத் தன்னைவிடக் கூடத் தெரியும், தன்னிடம் அவருக்கு வன்மம் இல்லை என்ற இரண்டும் ஆடுகிறவருக்குத் தெரியும். ஹமீதின் தீர்ப்பு எங்கள் வீடுகளில் ஏறியதும் இந்தப் பழகிய வழியால்தான். வானொலிப் போட்டியில் மேடையில் நிற்பவர் சிலர். வீட்டில் போட்டியிடுகிறவர் ஆயிரக்கணக்கானவர். எழுத்து கொடுபட்டதும் குசினியிலிருந்து ஒரு பாட்டு வரும், வாடியில் கிழிந்த வலையைச் சீராக்குகிறவர் இன்னொன்றை எடுப்பார், இரண்டுமே பிழை என்று பெட்டி சொல்லும். மேடையில் தோற்றவரை அவர் நடத்திய விதம், வீட்டில் தோற்ற எங்கள் எல்லாரையும் நடத்திய விதமாகவும் இருந்தது.

இதற்கு வருகிற முதல் மறுப்பு: இது என்ன அறிவுப் போட்டி, வெறும் சினிமாப் பாட்டுத்தானே என்பது. பிரித்தானியாவில் ‘பிரெய்ன் ஒவ் பிரிட்டன்’ இருந்தது, இந்தியாவில் ஹமீத் சயானியும் அவருக்குப் பிறகு தம்பி அமீன் சயானியும் நடத்திய போர்ன்விட்டா வினாவிடைப் போட்டி இருந்தது. அங்கே பிள்ளைகள் சரித்திரமும் விஞ்ஞானமும் படித்தார்கள், நாங்கள் பாட்டை முணுமுணுத்தோம் என்கிறார்கள். இந்த மறுப்பில் பாதியை நான் ஏற்கவில்லை. பள்ளிக்கூடம் பாதியில் நின்ற ஒரு மீனவரால் போர்ன்விட்டா போட்டியில் கலந்துகொள்ள முடியாது, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். பாட்டுக்குப் பாட்டில் அவரும் பட்டதாரியும் ஒரே கோட்டில் நிற்பார்கள், பல நேரம் அவரே முந்துவார். பட்டுக்கோட்டையும் மருதகாசியும் கண்ணதாசனும் எழுதியதை எழுத்து எழுத்தாக மனத்தில் அடுக்கிவைத்திருப்பது அறிவு இல்லை என்றால், எழுத்தறிவு குறைந்த தலைமுறைகள் விடுகதையாகவும் கூத்தாகவும் காவிவந்த எதையும் அறிவு என்று சொல்ல முடியாது. மறுப்பின் மற்றப் பாதி என்னை வருத்துகிறது, அதை மறைக்க மாட்டேன். அந்த விளையாட்டின் பாட்டுகள் ஏறத்தாழ எல்லாமே கோடம்பாக்கத்தில் பிறந்தவை. இதே வானொலி 1970களில் ஈழத்து மெல்லிசையை வளர்த்தது, நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது. அவை எங்கள் நினைவில் போட்டிக்குத் தேவையான அளவுக்குக் கனத்து நிற்கவில்லை. நடத்துபவர் மேல் இந்தக் குற்றத்தைப் போட முடியாது, போட்டி என்பது எல்லாருக்கும் தெரிந்ததை வைத்தே நடத்தப்பட வேண்டியது. ஆனாலும் அது ஓர் இழப்பு. அந்த இழப்பில் நேயர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது மறுப்பு எங்கள் கரைக்கு நெருக்கமானது. வானொலித் தமிழ் எங்கள் பேச்சை வெட்கப்பட வைத்தது, மன்னார்த் தமிழையும் முஸ்லிம் தமிழையும் மலையகத் தமிழையும் ஒரே இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பில் அப்படி ஒரு சீர்மை இருந்தது உண்மை. ஆனால் அதே வானொலியில் ‘கோமாளிகள் கும்மாளம்’ என்ற தொடர் நாடகம் வந்தது. அதில் நான்கு பேர். நான்கு விதமான தமிழ். மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தை எஸ். ராமதாஸ் ஏற்றார். அப்புக்குட்டியாக ராஜகோபால், சிங்களவரின் தமிழ் பேசும் உபாலியாகச் செல்வசேகரன். நான்காவதாக வந்த ஐயர் பாத்திரத்தை ஏற்றவர் அப்துல் ஹமீத். அது பிறகு 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது. பேச்சுவழக்கை இழிவாக நினைத்த ஒருவரால் அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்க முடியாது. நாடகத்தில் மனிதர்கள் தங்கள் தங்கள் தமிழில் பேச வேண்டும். போட்டியில் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். எருக்கலம்பிட்டிக்காரருக்கு ஒரு நெடிலும் பேசாலைக்காரருக்கு இன்னொரு நெடிலும் என்று வைத்தால் அது போட்டியாக இருக்காது. இந்த இரண்டு இடங்களின் வேறுபாட்டை ஹமீத் அறிந்திருந்தார். அதை அறியாதவர்கள்தான் இன்று இரண்டு இடத்திலும் ஒரே கலப்பு மொழியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பே கனமானது. அது அரசின் வானொலி. அதன் செய்தி அறிக்கை அரசின் சொல். வடக்கில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து பாட்டுப் போட்டி நடத்தியவரை நடுநிலையாளர் என்பது தகுமா? செய்தி அறிக்கையை நான் காப்பாற்ற வரவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் தமிழ் பேசியவர்களும் ஆபத்தில்லாமல் இருக்கவில்லை, கே. எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். ஓர் அறிவிப்பாளரால் ஆள முடிந்த எல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட அரை மணி நேரம்தான். அந்த எல்லைக்குள் யாருக்கும் அநீதி நடக்காமல் பார்த்துக்கொண்டாரா என்பதே அவரிடம் கேட்கக்கூடிய கேள்வி. எங்கள் தீவில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்கு ஒரு தனிக் கனம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறிச்சோடின. தலைமுறை தலைமுறையாக இதே கடலில் தொழில் செய்தவர்கள் கையில் கிடைத்ததோடு கல்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். அதே ஆண்டுகளில் இந்தக் கரையிலிருந்து தமிழர்கள் படகேறி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனார்கள். தமிழ் யாருடையது என்பதை ஆயுதம் தீர்மானித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தமிழ் எழுத்து எது குறில் எது நெடில் என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியானவர் என்று தமிழுலகம் ஏற்றிருந்தவர் ஒரு முஸ்லிம். அந்தத் தீர்ப்பை யாரும் சமயம் பார்த்து எதிர்க்கவில்லை. ஒரு பாட்டுப் போட்டி இதனால் எந்தக் காயத்தையும் ஆற்றிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெளியேற்றப்பட்டவர்களிடம் அப்படிச் சொல்வது அவமதிப்பு. ஆனால் தமிழில் முஸ்லிம்களுக்குப் பங்கில்லை என்பது பொய் என்பதற்கு, ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்குள்ளும் ஒரு சான்று பேசிக்கொண்டிருந்தது. பற்றரி கிடைக்காமல் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பாட்டு என்றால் அந்தக் குரல்தான்.

1990களில் சன் தொலைக்காட்சியில் பாட்டுக்குப் பாட்டு வந்த பிறகே தமிழ்நாட்டின் இளைய தலைமுறை ஹமீதை முகத்தோடு அறிந்தது. புலம்பெயர்ந்தோர் வாழ்கிற நாடுகளின் மண்டபங்களில் அவர் அதை மேடையேற்றினார். அங்கே பிறந்த பிள்ளைகள் பெற்றோரின் உந்துதலில் எழுத்துப் படித்து மேடையேறினார்கள். அந்தப் பகுதி பலரும் எழுதியது, நான் நீட்டவில்லை. எனக்குக் கவலை தருவது வேறொன்று. இன்று இணையத்தில் அவருடைய குரலைத் தேடினால் துண்டு துண்டாகக் கிடைக்கிறது: அழகான ஒரு முன்னுரை, ஒரு வாழ்த்து, நல்லாகப் பாடிய ஒருவரின் பாட்டு. தோற்றவர்களை வெட்டி எறிந்துவிட்டார்கள். அவர் எப்படித் தீர்ப்புச் சொன்னார், எழுத்தில் வழக்கு வந்தபோது எந்தக் காரணம் சொன்னார், அழப்போன பிள்ளையை எந்த வார்த்தையோடு அனுப்பினார் என்பதெல்லாம் முழு நிகழ்ச்சியில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் வானொலிக்குப் பக்கத்தில் ஒலிநாடாப் பெட்டியை வைத்துப் பதிந்தவர்கள் மன்னாரிலும் இருந்தார்கள், மண்டபத்திலும் இருந்தார்கள், லண்டனுக்குக் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். ஈரமும் உப்புக்காற்றும் நாடாவை விட்டுவைக்காது. உங்கள் வீட்டு அலுமாரியில் பாட்டுக்குப் பாட்டு முழுதாகப் பதிந்த நாடா ஒன்று கிடந்தால், இரைச்சல் இருக்கிறது, நடுவில் செய்தி வந்துவிட்டது என்று தயங்காமல், ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். நல்ல பாட்டை மட்டும் வெட்டி எடுக்காமல், மணி அடித்த இடங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.